அஞ்சலட்டைக்கு இருக்கும் காவல் மின்னஞ்சலுக்கு இல்லை

வாசகர் கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். எங்களைப் போன்ற சிறு விவசாயிகள் சிலர் சேர்ந்து, பட்டா தொடர்பாகவும் வன எல்லை அளவை தொடர்பாகவும் அரசு அலுவலகங்களுக்கு மனுக்களும் தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பங்களும் அனுப்பி வருகிறோம். ஆவணங்களை ஜிமெயிலில்தான் பரிமாறிக்கொள்கிறோம். சென்ற மாதம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது அங்கிருந்த ஒருவர், "நீங்கள் யாருக்கு என்ன எழுதுகிறீர்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும், பார்த்து நடந்துகொள்ளுங்கள்" என்றார். அதைக் கேட்ட பிறகு இரண்டு பேர் குழுவை விட்டே விலகிவிட்டார்கள். சென்னையில் கணினித் துறையில் இருக்கும் என் மைத்துனர் மகன் புரோட்டான் மெயிலுக்கு மாறச் சொல்கிறான், வி.பி.என். போடச் சொல்கிறான். அமெரிக்காவில் இருக்கும் மகளோ அங்கும் இதே நிலைதான் என்கிறாள். எங்கள் மின்னஞ்சலை அரசு படிக்க முடியுமா? படித்தால் எங்களுக்குத் தெரியவருமா? பேசாமல் மின்னஞ்சலையே விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஏற்காடு

பதில்: சேலம் நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர்

ஐயா, வணக்கம்.

படிக்க முடியும், படித்தால் பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவராது, ஆனாலும் விட வேண்டாம். இந்த மூன்று விடைகளையும் விளக்கிவிட்டு, உங்களிடம் அப்படிப் பேசிய மனிதரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இரண்டு பேர் விலகிப் போன செய்திதான்.

மின்னஞ்சலை இடைமறிக்கும் அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 69-ஆம் பிரிவில் இருக்கிறது. 2008-இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபர் 27 முதல் இன்றைய வடிவில் நடைமுறையில் இருக்கும் அந்தப் பிரிவின்படி, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காகவும், ஏதேனும் ஒரு குற்றத்தைப் புலனாய்வு செய்வதற்காகவும், ஒருவருடைய மின்னஞ்சலை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் பூட்டிய தகவலைத் திறந்து காட்டச் சொல்லவும் அரசு ஆணையிடலாம். அந்த ஆணையை எந்த அதிகாரி வேண்டுமானாலும் போட்டுவிட முடியாது. பொதுவாக மத்திய அரசில் உள்துறைச் செயலாளரும் மாநிலத்தில் உள்துறைச் செயலாளரும்தான் போட முடியும் என்று 2009-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்; வேறு வழியில் அந்தத் தகவலைப் பெற முடியாதா என்று முதலில் யோசிக்க வேண்டும்; ஆணை 60 நாட்களுக்கு மேல் செல்லாது; நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது. அவசர வேளையில் உயர் காவல் அதிகாரி தாமே தொடங்கலாம் என்றாலும், மூன்று வேலை நாட்களுக்குள் உள்துறைச் செயலாளருக்குத் தெரிவித்து, ஏழு வேலை நாட்களுக்குள் ஒப்புதல் பெறாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் இந்தப் பணிக்காகப் பத்து அமைப்புகளை அறிவித்தது. உளவுத் துறை, மத்தியப் புலனாய்வுத் துறை, தேசியப் புலனாய்வு முகமை, அமலாக்கத் துறை, நேரடி வரிகள் வாரியம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்கள் மனுக்கள் போய்ச் சேரும் வருவாய்த் துறை அலுவலகமோ வனத்துறை அலுவலகமோ அதில் இல்லை.

இவ்வளவு விதிகள் இருந்தும் நான் நிம்மதியாக இல்லாததற்குக் காரணம் உண்டு. தொலைபேசிப் பேச்சுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் காவல்கூட மின்னஞ்சலுக்குக் கிடைக்கவில்லை. 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான். ஆனால் அதன் 5-ஆம் பிரிவில், பொது அவசரநிலை இருந்தால் அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் மட்டுமே ஒட்டுக்கேட்கலாம் என்ற நிபந்தனை இருந்தது. அதை மாற்றி வந்த 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அந்த நிபந்தனை தொடர்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை வலியுறுத்தி, உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும், மறுஆய்வுக் குழு வேண்டும் என்று நெறிமுறைகளையும் வகுத்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று அளித்த தீர்ப்பு இன்னும் தெளிவானது. ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை அவர் ரத்து செய்தார். குற்றம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ ஆகிவிடாது என்பதும், பதிவு செய்ததை உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்பதும் அவர் கண்ட காரணங்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு தில்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழல் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு விதமாகப் பார்த்திருந்தது. ஆகவே இந்த விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை.

ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவில் அந்த நிபந்தனையே இல்லை. "ஏதேனும் ஒரு குற்றத்தின் புலனாய்வு" என்ற சொற்களால் கதவு அகலமாகத் திறந்து கிடக்கிறது. நீங்கள் தொலைபேசியில் பேசினால் ஓர் அளவுகோலும் அதையே மின்னஞ்சலில் எழுதினால் வேறோர் அளவுகோலும் பொருந்தும் நிலைக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இதுவாவது இனி வரப்போகும் அஞ்சலை வழியில் இடைமறிப்பது பற்றியது. ஏற்கெனவே உங்கள் கணக்கில் தேங்கியிருக்கும் பழைய அஞ்சல்களின் நிலை இதைவிட மோசம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, ஒரு புலனாய்வுக்குத் தேவை என்றால், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்து மூலம் ஆணையிட்டு ஆவணங்களையும் மின்னணுத் தகவல் தொடர்புகளையும் கருவிகளையும் கேட்கலாம். உள்துறைச் செயலாளரும் தேவையில்லை, நீதிபதியும் தேவையில்லை. அதே பிரிவு, அஞ்சல் துறையின் வசம் இருக்கும் கடிதத்துக்கும் அஞ்சலட்டைக்கும் இந்த அதிகாரம் பொருந்தாது என்று விலக்கு அளிக்கிறது. அவற்றைப் புலனாய்வுக்காகப் பெற வேண்டுமானால் அடுத்த 95-ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரோ, தலைமைக் குற்றவியல் நடுவரோ, அமர்வு நீதிமன்றமோ, உயர் நீதிமன்றமோ ஆணையிட வேண்டும். தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அஞ்சலைத் திறக்க 2023-ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்தில் தனி வழி இருப்பது உண்மைதான். ஆனால் சாதாரணக் குற்ற வழக்கு ஒன்றில், ஏற்காடு தபால் நிலையத்தில் கிடக்கும் 50 காசு அஞ்சலட்டையை, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து எழுதிய அந்த அட்டையை, எடுப்பதற்கு நடுவரின் ஆணை வேண்டும். கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் உங்கள் பத்தாண்டு மின்னஞ்சலைக் கேட்பதற்கு ஆய்வாளரின் கையெழுத்து போதும். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றும், அதில் அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு தேவைக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதன் பிறகு எழுதப்பட்ட ஒரு சட்டத்தில் அஞ்சலட்டைக்குக் கொடுத்த மதிப்பை மின்னஞ்சலுக்குக் கொடுக்காமல் விட்டது பெரும் குறை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. ஜிமெயில் அமெரிக்க நிறுவனத்தின் சேவை. கணக்கு யாருடையது, எந்த இணைய (ஐ.பி.) முகவரியிலிருந்து எப்போது திறக்கப்பட்டது என்பன போன்ற விவரங்களை அந்த நிறுவனம் முறையான இந்தியக் கோரிக்கைக்கு இணங்கித் தருவது உண்டு என்றாலும், அஞ்சலின் உள்ளடக்கத்தைப் பெறுவதற்குப் பொதுவாக இரு நாட்டு ஒப்பந்தத்தின் வழியாகச் சென்று அமெரிக்க நீதிமன்றத்தின் ஆணையைப் பெற வேண்டியிருக்கும். அது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. பட்டா மனு எழுதும் ஒருவருக்காக யாரும் அந்தப் பாட்டைப் படுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உள்நாட்டு நிறுவனத்தின் மின்னஞ்சல் என்றால் இந்திய ஆணை நேரடியாக அந்த நிறுவனத்தையே கட்டுப்படுத்தும். இணங்க மறுத்தால் 69-ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை. அதற்காக உள்நாட்டுச் சேவை தரக்குறைவு என்று பொருளில்லை. எந்த நாட்டுச் சட்டம் எங்கே செல்லும் என்பதை மட்டும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இடைமறிப்பு ஆணை ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பது விதி. புலனாய்வு முடிந்த பிறகாவது சம்பந்தப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. உங்களைப் பற்றிய ஆணை இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் விடை கிடைக்காது. அத்தகைய தகவலுக்கு விலக்கு உண்டு என்று 2023 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, நமக்குத் தெரியாவிட்டாலும் நமக்காக யாராவது சரிபார்க்கிறார்களா என்றால், மத்தியில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலும் மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையிலும் மறுஆய்வுக் குழு இருக்கிறது. உறுப்பினர்கள் எல்லோரும் அரசுச் செயலாளர்கள். நீதிபதி ஒருவரும் இல்லை, வெளியார் ஒருவரும் இல்லை. 2013-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய உள்துறை அளித்த பதிலின்படி, மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 தொலைபேசி இடைமறிப்பு ஆணைகளும் 300 முதல் 500 மின்னஞ்சல் இடைமறிப்பு ஆணைகளும் பிறப்பித்து வந்தது. நீதியரசர் பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018-இல் அளித்த அறிக்கை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது என்றும், அது நடக்கக்கூடிய காரியம் அல்ல என்றும் பதிவு செய்தது. மூன்று உயர் அதிகாரிகள் கூட்ட நாள் முழுவதும் வேறு வேலையே பார்க்காமல் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்குச் சில விநாடிகள்தான் ஒதுக்க முடியும். 1996 வழக்கிலேயே, ஆணைக்கு முன்பு நீதிபதியின் ஒப்புதல் வேண்டும் என்ற கோரிக்கை வைக்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அன்று அதை ஏற்காமல் விட்டதன் விளைவைத்தான் இன்று பார்க்கிறோம் என்பது என் கருத்து.

உங்கள் மகள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை பெரிய இணைய நிறுவனங்களிடமிருந்து தகவல் பெறும் பிரிசம் திட்டத்தை வெளிக்கொண்டுவந்தன. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மட்டும் இந்தியாவிலிருந்து 630 கோடி தகவல் துணுக்குகள் சேகரிக்கப்பட்டதாகவும், அந்தக் கணக்கில் இந்தியா உலகில் ஐந்தாவது இடத்தில் இருந்ததாகவும் அவற்றில் ஒன்று காட்டியது. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் வெளிநாட்டவரைக் கண்காணிக்க அங்குள்ள சட்டத்தின் 702-ஆம் பிரிவுக்கு ஆளுக்கு ஒரு வாரண்ட் தேவையில்லை. ஆனால் தங்கள் மண்ணில் வாழ்பவர்களைப் பொறுத்தவரை அவர்களுடைய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2010-இலேயே, மின்னஞ்சல் என்பது முத்திரையிட்ட கடிதம் போன்றது, உள்ளடக்கத்தைப் பெற வாரண்ட் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் மகளுக்கு அங்கே கிடைக்கும் அந்தக் காப்பு, அவருக்கு ஏற்காட்டிலிருந்து எழுதும் உங்களுக்கு இரண்டு நாட்டிலும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

இனி உங்களிடம் பேசிய மனிதரைப் பற்றி. நிதானமாக யோசித்துப் பாருங்கள். உண்மையில் உங்கள் அஞ்சல் சட்டப்படி இடைமறிக்கப்பட்டிருந்தால், அதை அறிந்த ஒவ்வொருவரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். மனு கொடுக்க வந்தவரிடம் அதைச் சொல்வதே விதிமீறல். ஆணை இல்லாமல் உங்கள் கணக்குக்குள் நுழைந்து பார்த்திருந்தால், அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அரசு ஊழியர் என்பதால் அதற்கு விலக்கு இல்லை. எதையும் பார்க்காமலே சொல்லியிருந்தால் அது வெறும் மிரட்டல். எந்த விதமாகப் பார்த்தாலும் தவறு அவருடையதே தவிர உங்களுடையது அல்ல. என் அனுபவத்தில் இப்படிப் பேசுபவர்களில் பலர் மூன்றாவது வகையினர். நீங்கள் அனுப்பிய மனுவின் நகல் நாலு மேசை சுற்றி அவர் கைக்கு வந்திருக்கும். அதில் மின்னஞ்சல் பெறுவோர் பட்டியலில் குழுவினர் எல்லோருடைய முகவரியும் தெரிந்திருக்கும். அவ்வளவுதான் அவருக்குத் "தெரிந்தது".

இருந்தாலும், கசிவு வேறு எங்கிருந்தாவது நடக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நான் இத்தனை நேரம் சட்டத்தைப் பற்றிப் பேசியது அது முக்கியம் என்பதால்தான். ஆனால் என்னிடம் வருபவர்களின் அஞ்சல் வெளியானதற்குக் காரணம் அநேகமாக உள்துறைச் செயலாளர் அல்ல, ஜெராக்ஸ் கடை. கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வருபவர்கள் பக்கத்துக் கடைக் கணினியில் ஜிமெயிலைத் திறந்து பிரிண்ட் எடுத்துவிட்டு, வெளியேறாமலே மனு நீட்ட ஓடிவிடுகிறார்கள். வாட்ஸ்அப் வெப்பும் அப்படியே திறந்து கிடக்கிறது. அடுத்தது செல்போன் கடை. புதுக் கைபேசி வாங்கும்போது கடைப் பையனே கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லையும் அவனே வைத்து, மீட்பு எண்ணாகக் கடை எண்ணையே கொடுத்துவிடுகிறான். அந்தக் கணக்கின் சாவி ஆண்டுக்கணக்கில் கடையில் இருக்கிறது. குழுவுக்கென்று ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல், அதை அறிந்தவர் ஏழெட்டுப் பேர், அவர்களில் ஒருவர் மனத்தாங்கலில் விலகிப் போனவர் என்ற நிலையையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இந்த வாரமே உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் தங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாததை எல்லாம் வெளியேற்றிவிடுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவையா என்று பாருங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். பலர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு: ஜிமெயிலைக் கணினியில் திறந்து அமைப்புகளுக்குள் போனால், வரும் அஞ்சலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங் வசதி இருக்கும். ஒருமுறை உங்கள் கணக்குக்குள் நுழைந்தவர் அதில் தம் முகவரியைப் போட்டுவிட்டால், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றினாலும் நகல் போய்க்கொண்டே இருக்கும். கைபேசிச் செயலியில் அது கண்ணில் படாது என்பதால் கணினியில்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் இரு முனைக்கு இடையே மறையாக்கம், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி, இருந்தாலும், கூகுள் டிரைவில் சேமிக்கும் காப்பு நகலுக்குத் தனியாக மறையாக்கம் போட்டால்தான் அதுவும் பூட்டப்படும்.

உங்கள் மைத்துனர் மகன் அக்கறையோடு சொன்னதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் உங்கள் தேவைக்கு அது பொருந்தவில்லை. புரோட்டான் மெயில் ஸ்விட்சர்லாந்து நிறுவனம். அதன் பயனாளர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்வதை அந்த நிறுவனமே படிக்க முடியாது. ஆனால் நீங்கள் அங்கிருந்து ஜிமெயில் வைத்திருப்பவருக்கு எழுதினால் ஒரு நகல் ஜிமெயிலில் போய் உட்கார்ந்துவிடும். அரசு அலுவலகத்துக்கு எழுதினால் அரசுக்கே போய்ச் சேரும். யார் யாருக்கு எழுதினார், எப்போது எழுதினார் என்பதை எந்த மறையாக்கமும் எளிதில் மறைப்பதில்லை. 2021-இல் ஸ்விஸ் அதிகாரிகளின் சட்டப்படியான ஆணைக்கு இணங்கி, பிரான்சு நாட்டு ஆர்வலர் ஒருவரின் இணைய முகவரியை அந்த நிறுவனம் பதிவு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளுக்கு வந்த போலி வெடிகுண்டு மிரட்டலை அடுத்து அதை இந்தியாவில் முடக்கும் முயற்சி நடந்தது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றமும் முடக்கச் சொல்லி உத்தரவிட்டது. நாளை திறக்குமா என்று தெரியாத பெட்டியில் பட்டா ஆவணங்களை வைப்பது உங்களுக்கு நன்மை தராது. வி.பி.என். உங்கள் அஞ்சலைப் பூட்டுவதில்லை. நீங்கள் எங்கிருந்து இணைகிறீர்கள் என்பதை மட்டுமே மறைக்கிறது. இந்தியாவில் செயல்படும் வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-இல் வந்த நெறிமுறை சொல்கிறது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருளைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று 2022-இல் தெரிவித்தது. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அந்தக் குழு கூறியதை அன்றைய தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே சொன்னார். குடிமக்கள் எல்லோரும் கவலைப்பட வேண்டிய செய்தி அது. ஆனால் உங்கள் குழு அதை நினைத்து உறக்கம் இழக்க வேண்டியதில்லை.

நீங்கள் உண்மையில் எதிர்கொள்ளக்கூடியது கைபேசியைக் கேட்பதுதான். யாராவது உங்கள் கைபேசியைப் பார்க்க வேண்டும் என்றால், எந்த வழக்கு, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்; மரியாதையோடு கேளுங்கள், ஆனால் கேளுங்கள். வழக்கில் கைப்பற்றினால், மகஜர் என்னும் கைப்பற்றல் குறிப்பை எழுதச் சொல்லி நகல் பெறுங்கள், கருவியின் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணும், உள்ளிருக்கும் தகவல் பின்னால் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் பதிவாக வேண்டும் என்று சொல்லுங்கள். சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும் என்பது சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு. கடவுச்சொல்லைச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆகவே அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைக் கேட்காமல் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். பயத்தில் அஞ்சல்களை அழிக்கவும் வேண்டாம். விசாரணை தொடங்கிய பிறகு, ஆதாரமாக வந்துவிடக் கூடாது என்று மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம். அதோடு, நீங்கள் இத்தனை நாள் முறையாக எழுதி வந்ததற்கு அந்த அஞ்சல்களே உங்களுக்குச் சாட்சி.

மின்னஞ்சலை விட வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதுதான் காரணம். மனு அனுப்பிய நாள், இணைத்த ஆவணம், வந்த பதில் எல்லாம் தேதியோடு பதிவாகி நிற்கும் வழி அது. வாய்ப்பேச்சுக்கு மாறினால் கண்காணிப்பவருக்கு நட்டம் எதுவும் இல்லை, உங்களுக்குத்தான் ஆதாரம் போகும். முக்கியமான மனுக்களை மட்டும் ஒப்புகையுடன் விரைவு அஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். குழுவுக்கு எழுதும்போது எல்லோர் முகவரியும் வெளியே தெரியாதபடி மறைநகலில் (பி.சி.சி.) போடுங்கள்.

அந்த மனிதர் சொன்னதை, சொன்ன நாள், இடம், உடனிருந்தவர் ஆகிய விவரங்களோடு இன்றே எழுதி, உடனிருந்தவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவருடைய மேலதிகாரிக்கு, எங்கள் தனிப்பட்ட அஞ்சல்களை எந்தச் சட்டத்தின் கீழ், யாருடைய ஆணையின் பேரில் உங்கள் அலுவலகம் பார்த்தது, அப்படி எதுவும் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கு என்ன நடவடிக்கை என்று இரண்டே பத்தியில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கணக்குக்குள் வேற்று ஆள் நுழைந்ததற்கான தடயம் கிடைத்தால் அதைப் படம் பிடித்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும், ஏற்காடு சேலம் மாவட்டக் காவல் எல்லைக்குள் வருவதால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும் புகார் கொடுங்கள். மாநகர ஆணையர் அலுவலகத்துக்குப் போனால் திருப்பி அனுப்பி அலையவிடுவார்கள். பதில் வராமல் மிரட்டல் தொடர்ந்தால், அரசமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் நீதிப் பேராணை (ரிட்) மனு போடலாம். சேலம் மாவட்டம் மதுரைக் கிளைக்கு உட்பட்டது அல்ல, சென்னையில் உள்ள முதன்மை அமர்வில்தான் தாக்கல் செய்ய வேண்டும். விலகிப்போன இருவரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள். மனுவில் அவர்களும் சேர்ந்து கையெழுத்திட முன்வந்தால், அச்சத்தால் குழுவை விட்டு விலகினோம் என்ற அவர்களின் வாக்குமூலமே அந்த மனுவின் முதல் ஆதாரமாக இருக்கும்.